தேநீர் நிற அருவி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த ஆகஸ்ட் மாதம் ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் இருக்கும் முத்தோஸ் தேசியப் பூங்காவுக்குச் சென்றிருந்தேன். சாலை முடியும் இடத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் காட்டுக்குள் நடந்து, 42 மீட்டர் உயரமுள்ள அருவியை அடைந்தேன். வழியில் ஒரு மனிதரையும் காணவில்லை. அத்தனை நடைக்குப் பிறகு கண்டதோ பழுப்பு நிற நீர். அடியில் அழுக்கு மஞ்சளாக நுரை. ஆளரவமற்ற காட்டில் இந்தக் கழிவைக் கலப்பது யார்? முதிர்ந்த காடு என்றார்கள். மரங்களோ என் இரு கைகளுக்குள் அடங்கும் அளவில்தான் இருந்தன. பறவைக் குரல்கூட இல்லை. ஓரிடத்தில் சேற்றைத் தவிர்க்க, வழியை விட்டு விலகி வெண்ணிறப் பாசி மெத்தை மேல் நடந்து சென்றேன். அந்த நடை மட்டும் சுகமாக இருந்தது. இவ்வளவு தொலைவு போனது வீணோ என்று தோன்றுகிறது. இரண்டு படங்களை இணைத்துள்ளேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் கழிவு என்று எண்ணியதுதான் அந்தக் காட்டின் சாறு என்பதை நான் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த நீரில் எந்த ஆலையும் எதையும் கலக்கவில்லை.

நீங்கள் நடந்த வழியில் பல இடங்களில் சதுப்பின் மீது பலகைகள் போட்டிருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பூங்காவின் பரப்பில் ஏறத்தாழ பாதி சதுப்புதான். அங்கே வளரும் ஸ்பாக்னம் என்னும் பாசி, தன் உலர்ந்த எடையைப் போல இருபது மடங்கு வரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது. அது தன்னைச் சுற்றியுள்ள நீரை அமிலத்தன்மை கொண்டதாகவும் ஆக்கிவிடுகிறது. குளிர், அமிலம், காற்றுப் புகாத ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் நுண்ணுயிர்களால் விரைவாக வேலை செய்ய முடியாது. ஆகவே செத்த பாசியும் ஊசியிலையும் வேரும் முழுதாக மட்காமல், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் அடுக்கடுக்காகப் படிந்து, பீட் எனப்படும் கரும்பழுப்பு மண்ணாகின்றன. உங்கள் முழங்கால் உயரத்துக்குப் பீட் சேர்ந்திருக்கிறது என்றால், அதன் அடியில் இருப்பது பல நூறு ஆண்டுகளுக்கு முன் பச்சையாக இருந்த பாசி.

மழையும் பனியுருகலும் இந்தப் படிவத்தின் ஊடாகக் கசிந்து வரும்போது, பாதி மட்கிய பொருளிலிருந்து ஹியூமிக் அமிலங்களையும் அவற்றைச் சேர்ந்த பிற கரிமச் சேர்மங்களையும் கரைத்துக்கொண்டு ஆற்றில் சேர்கின்றன. வெந்நீரில் தேயிலை இறங்குவதைப் போன்றதே இது. வெந்நீருக்குப் பதில் குளிர்ந்த நீர், சில நிமிடங்களுக்குப் பதில் நீண்ட காலம். இச்சேர்மங்கள் ஒளியின் நீலப் பகுதியை உறிஞ்சிக்கொண்டு, மஞ்சளையும் சிவப்பையும் விட்டுவிடுவதால் நீர் பழுப்பாகத் தெரிகிறது.

நான் அங்கே சென்றது ஒரு செப்டம்பரில். அருவிக்குச் சற்று மேலே, ஆறு பாறைகளுக்கிடையே தயங்கி நிற்கும் ஓரிடத்தில் மண்டியிட்டு, கையால் நீரை அள்ளினேன். உள்ளங்கையில் அது நிறமற்றுத் தெளிந்திருந்தது. என்னிடமிருந்த வெள்ளைக் குவளையில் மொண்டபோது வைக்கோல் நிறம் காட்டியது. அதே நீர், நான் மண்டியிட்டிருந்த பாறையின் காலடியில், ஓர் ஆள் ஆழத்தில், ஏறக்குறையக் கறுப்பாகக் கிடந்தது. கலங்கல் துளியும் இல்லை. நிறம் இருந்தது, தெளிவும் இருந்தது. இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அருவியின் உச்சியில், நீர் மெல்லிய தகடாக வளைந்து விழத் தொடங்கும் விளிம்பில், மாலை வெயில் ஊடுருவியபோது அது தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. எத்தனையோ நிறமற்ற அருவிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த விளிம்பின் நிறத்தை வேறெங்கும் கண்டதில்லை.

நுரைக்கும் காரணம் அதே கரிமப் பொருள்தான். அது நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. 42 மீட்டர் விழும் நீர் காற்றை உள்ளே அடித்துச் செலுத்த, குமிழ்கள் உடையாமல் நிற்கின்றன. நீங்கள் அனுப்பிய முதல் படத்தில் சுழியில் வட்டத் தட்டைப் போல மிதக்கும் நுரையில் ஊசியிலைகள் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். நீரோடு சுற்றிச் சுற்றியே அது வட்டமாகத் திரண்டிருக்கிறது. சோப்பு நுரை வெள்ளையாக, வாசனைத் திரவிய மணத்துடன் இருக்கும். இந்த நுரையில் மண்வாசனைதான் இருக்கும்.

ஸ்காண்டிநேவிய ஏரிகளிலும் ஆறுகளிலும் இந்தப் பழுப்பு நிறம் கடந்த சில பத்தாண்டுகளில் அடர்ந்து வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கான காரணங்களுள் ஒன்று, அமில மழை குறைந்தது. கந்தகம் குறையக் குறைய மண்ணிலுள்ள கரிமப் பொருள் எளிதாகக் கரைகிறது. வெப்பமாதலும், அதிகரிக்கும் மழையும் இதில் பங்கு வகிக்கின்றன. ஒரே நிறத்தில் ஒரு நல்ல செய்தியும் ஒரு கவலையும் கலந்திருப்பது என்னை அடிக்கடி யோசிக்க வைத்திருக்கிறது.

மரங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த அட்சரேகையில் வளர்ச்சிக்குக் கிடைப்பவை ஓராண்டில் சில வாரங்களே. சத்தற்ற மண்ணில் நிற்கும் பைன், உங்கள் கைகளுக்குள் அடங்கும் பருமனை எட்டுவதற்குள் இருநூறு ஆண்டுகள் கடந்திருக்கலாம். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்த பைன் மரம் அந்தப் பூங்காவிலேயே உண்டு. மரத்தின் பருமனைக் கொண்டு வயதைக் கணிக்கும் நம் பழக்கம் அங்கே செல்லாது. பறவைகள் பாடாததற்குக் காரணம் ஆகஸ்ட் மாதம்தான். அதற்குள் குஞ்சு பொரித்து முடிந்துவிடும்.

நீங்கள் நடந்த வெண்ணிற மெத்தையைப் பற்றி மட்டும் சற்றுக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பாசி அல்ல. பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கன். ஆண்டுக்கு நான்கைந்து மில்லிமீட்டர் மட்டுமே வளரும். அங்கு காலங்காலமாக மான் மேய்க்கும், ‘சாமி’ எனப்படும் பழங்குடி மக்களின் துருவமான்களுக்குப் பனிக்காலத்து உணவும் அதுவே. பனியைக் குளம்பால் தோண்டி அதைத் தேடித் தின்கின்றன. ஈரமாக இருந்தால் வளைந்து கொடுக்கும். வறண்ட நாளில் காலடி பட்டால் சருகாக நொறுங்கிப் போகும். உங்கள் ஒரு காலடித் தடம் மறைவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். தெரியாமல் செய்தது என்பதை அறிவேன். சேற்றில் கால் நனைந்தாலும் வழியை விட்டு விலகாதீர்கள்.

மறுபடி போகும் எண்ணம் இருந்தால் ஜூன் முற்பகுதியில் செல்லுங்கள். பனி உருகி ஆறு நிறைந்திருக்கும். அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுநேரம் முன்பே அதன் இரைச்சல் காதில் விழும். பூங்காவின் உட்பகுதியில் பறவைகள் கூடு கட்டும் ஏரிப் பகுதிக்குள் மார்ச் 15 முதல் ஜூலை 31 வரை நுழையத் தடை உண்டு. வரைபடத்தில் அந்த எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது படத்தின் வலப்புறம், பட்டுப்போய்ச் சாம்பல் நிறமாக ஒரு பைன் நிற்கிறது. அதன் அடிமரத்தில் கறுத்த, முக்கோண வடிவப் பொந்து ஒன்று தெரிகிறது. அது தீ விட்டுச்சென்ற வடு. அந்தக் காட்டை மின்னல் பலமுறை எரித்திருக்கிறது. தடித்த பட்டையுள்ள பைன்கள் ஒரு பக்கம் வெந்து, மறுபக்கம் வளர்ந்து, தப்பித்திருக்கின்றன. ஒவ்வொரு தீக்குப் பிறகும் புதிதாக வளரும் கட்டை வடுவின் ஓரத்தை மூட முயன்று ஒரு மடிப்பை உருவாக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று மடிப்புகளை எண்ண முடிந்தது, நான்காவது நிழலில் இருக்கிறது. அடுத்த முறை அந்த மரத்தின் அருகே நின்று, தொடாமல், எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.