எக்நாக்: ரம் ஊற்றினால் பச்சை முட்டைக்குப் பயமில்லையா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு நண்பர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இந்த வருடம் எக்நாக்கை நானே செய்ய ஆசை. பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி ஒரு செய்முறை தந்தார். பன்னிரண்டு முட்டையைப் பச்சையாக அடித்து, பால், கிரீம், சர்க்கரை, போர்பன் விஸ்கி விட்டுக் கலக்க வேண்டுமாம். "ஆல்கஹால் கிருமியைக் கொன்றுவிடும்" என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரோ, "வயசுக்கு வந்தப்போ பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிச்சு வளர்ந்தவ நான், எனக்கென்ன ஆகப்போகுது" என்கிறார். அவருக்கு 68 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு எடுத்துக்கொள்கிறார். தங்கை ஐந்து மாத கர்ப்பிணி. பையனுக்கு நான்கு வயது. யார் குடிக்கலாம், யார் கூடாது?

பதில்: அடுப்பில் வைத்துக் காய்ச்சி, மதுவைத் தனியாக வைத்தால் எல்லோரும் குடிக்கலாம், உங்கள் மாமியார் அளவோடு. பக்கத்து வீட்டுச் செய்முறைப்படி செய்தால் நீங்கள் குறிப்பிட்ட மூவருமே தொடக்கூடாது. வயதானவர், கர்ப்பிணி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை: பச்சை முட்டையால் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் என்று நாங்கள் வைத்திருக்கும் பட்டியலில் முதல் மூன்று பேரும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்!

முட்டையில் பயப்பட வேண்டியது சால்மொனெல்லா கிருமிக்கு. ஓட்டைக் கழுவிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் விற்கிறார்கள். ஆனால் இதில் ஒரு வகை கோழியின் சினைப்பையிலேயே தங்கி, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். விரிசல் இல்லாத, பளிச்சென்ற முட்டைக்குள்ளும் இருக்கலாம். பெரும்பாலான முட்டைகளில் இருக்காது என்பது உண்மைதான். இருந்தும் அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 79,000 பேர் இப்படி முட்டையால் நோய்வாய்ப்படுவதாகவும், 30 பேர் இறப்பதாகவும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிடுகிறது. ஒரே பாத்திரத்தில் பன்னிரண்டு முட்டை உடைக்கும்போது ஒன்று கெட்டிருந்தாலும் குடிக்கிற அத்தனை பேருக்கும் பங்கு உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் இருந்தார். தொண்டைப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'குரூப் ஏ ஸ்ட்ரெப்' என்று வருகிறதே, அந்தக் கிருமிப் பிரிவுகளை வகுத்தவர் அவர்தான். விடுமுறைக் காலத்துக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே பச்சை முட்டையில் எக்நாக் கலந்து, ரம்மும் போர்பனும் தாராளமாக விட்டு, குளிரில் ஊற வைப்பார். அவர் காலத்துக்குப் பிறகும் அந்தச் செய்முறை அங்கே தொடர்ந்தது. பின்னால் அங்குள்ள விஞ்ஞானிகள் அதில் வேண்டுமென்றே சால்மொனெல்லாவைக் கலந்து சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்தும் கிருமி உயிரோடு இருந்தது. மூன்று வாரம் ஆனபின் காணவில்லை. அதாவது மது கிருமியைக் கொல்லும்தான், ஆனால் அதற்கு நிறைய மது வேண்டும், வாரக்கணக்கில் நேரமும் வேண்டும். சாயங்காலம் கலக்கி ராத்திரி குடிக்கிற எக்நாக்கில் அது ஒன்றும் செய்யாது. மூன்று வாரம் ஊற வைக்கிறேன் என்றும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு ஆய்வுக்கூடத்தில் செய்த சிறு சோதனை அது. உங்கள் ஃப்ரிட்ஜின் குளிரும் நீங்கள் ஊற்றும் அளவும் வேறு.

எனவே காய்ச்சுங்கள். ருசி குறையாது. எனக்குக் கேட்டால் காய்ச்சியதுதான் வாயில் வழவழவென்று இறங்கும். நான்கு கப் பாலைச் சூடாக்குங்கள், பொங்க விட வேண்டாம். ஆறு முட்டையை அரை கப் சர்க்கரையோடும் ஒரு சிட்டிகை உப்போடும் நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். சூடான பாலை முட்டையில் கரண்டி கரண்டியாக விட்டபடியே அடியுங்கள். மொத்தமாகக் கொட்டினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். எல்லாவற்றையும் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் அடி வரை கிளறிக்கொண்டே இருங்கள். சமையல் தெர்மாமீட்டர் 160 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும், அதாவது 71 செல்சியஸ். அந்தச் சமயத்தில் கலவை கரண்டியின் முதுகில் படலமாக ஒட்டும், விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கும். பாலும் சர்க்கரையும் சேர்ந்த முட்டை திரிவதற்குச் சுமார் 80 செல்சியஸைத் தாண்ட வேண்டும். எனவே அவசரப்படாமல் கிளறினால் கட்டி தட்டாது. கரண்டிக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், தெர்மாமீட்டர் பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கிறது.

இறக்கியவுடன் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். இரண்டு, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கிரீம், வெனிலா, துருவிய ஜாதிக்காய் எல்லாம் ஆறிய பிறகு. சில செய்முறைகளில் கடைசியில் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து மேலே சேர்க்கச் சொல்வார்கள். அதுவும் பச்சை முட்டைதான், விட்டுவிடுங்கள். நுரை வேண்டுமென்றால் கிரீமை அடித்துச் சேருங்கள். ஓட்டோடு பாஸ்டரைஸ் செய்த, அதாவது கிருமி சாக மிதமாகச் சூடாக்கிய முட்டை கிடைத்தால் அதை வைத்தும் செய்யலாம். விருந்து மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஜாடியை வெளியே விட வேண்டாம்.

உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்: பச்சை முட்டை குடித்தும் ஒன்றும் ஆகாதவர் நிறைய பேர் உண்டு, அவரும் ஒருவர், மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் தாங்கிய குடல் 68 வயதில், சர்க்கரை நோயோடு, அதே கிருமியை அதே மாதிரி தாங்காது. சத்துக் கணக்கிலும் லாபமில்லை. வேகவைத்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேர்கிறது, பச்சை முட்டையில் ஏறக்குறைய பாதிதான்.

அவருக்கு நான் அதிகம் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. கடையில் வாங்கும் எக்நாக் அரை கப்பிலேயே பல பிராண்டுகளில் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கும், ஐந்து டீஸ்பூன். "பால்தானே" என்று ஒரு டம்ளர் குடித்தால் கணக்கு எங்கோ போய்விடும். அரை கப்போடு நிறுத்தட்டும், அன்றைய கேக்குக்குப் பதிலாக. மது கலந்தது அவருக்கு அறவே வேண்டாம். கிளிமெபிரைடு இன்சுலினைத் தூண்டும் மாத்திரை. ரத்தத்தில் சர்க்கரை குறையும்போது கல்லீரல்தான் ஈடுகட்டும், மது அந்த வேலையைத் தடுத்துவிடும். முதலில் சர்க்கரை ஏறி, நடுராத்திரியில் தடாலென்று இறங்கலாம். வியர்வை, தடுமாற்றம், குழறல் எல்லாம் 'கொஞ்சம் போதை ஏறிவிட்டது' என்று மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகும் அறிகுறிகள்.

தெரிந்து குடிக்க மாட்டார் என்பீர்கள். ரம் விட்டதும் விடாததும் பார்வைக்கு ஒரே நிறம், ஜாதிக்காய் வாசனை வேறு. எனவே ஜாடியில் மது சேர்க்கவே வேண்டாம். வேண்டியவர்கள் தங்கள் கோப்பையில் தாங்களே விட்டுக்கொள்ளட்டும். அப்புறம், தயவுசெய்து ராத்திரியே கோப்பைகளைக் கழுவிவிடுங்கள். பெரியவர்கள் அசந்து தூங்கும் காலையில் குழந்தைகள்தான் முதலில் எழுவார்கள், மிச்சம் இருக்கும் இனிப்புப் பாலைச் சும்மா விடமாட்டார்கள். நான்கு வயதுக் குழந்தைக்குச் சிறிதளவு மதுவே சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

தங்கைக்கு நீங்கள் காய்ச்சியதோ, 'பாஸ்டரைஸ்டு' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பால் பிரிவு எக்நாக்கோ சரி. மதுக்கடையில் விற்கும் பாட்டில் எக்நாக் வேறு சரக்கு, அதில் மது உண்டு. கர்ப்ப காலத்தில் இவ்வளவு குடிக்கலாம் என்று ஒரு அளவு கிடையாது. அடுப்பில் ரம்மைக் கொதிக்க வைத்தால் ஆவியாகிவிடும் என்பதையும் நம்ப வேண்டாம், முழுதாகப் போகாது. பண்ணையில் கிடைக்கும் காய்ச்சாத பாலும் வேண்டாம். லண்டனில் இருக்கும் தோழி யாராவது "நான் கர்ப்பத்தில் பச்சை முட்டை சாப்பிட்டேனே" என்று சொல்லலாம். அங்கே சிங்க முத்திரை போட்ட முட்டைக்கு 2017 முதல் அப்படி அனுமதி உண்டு, அந்தக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள். நியூ ஜெர்சிக் கடை முட்டைக்கு அது பொருந்தாது.

பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறவர்களும், முட்டை அலர்ஜி உள்ளவர்களும் விருந்தினரில் இருக்கலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விருந்துக்குப் பின் ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாளுக்குள் யாருக்காவது காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வந்தால் சால்மொனெல்லாவை நினைவில் வையுங்கள். பெரும்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஓய்வும் போதும், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தேடி எடுக்காதீர்கள். காய்ச்சல் 102 டிகிரியைத் தாண்டினால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், குடித்ததெல்லாம் வாந்தியாகிச் சிறுநீர் குறைந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். வீட்டில் உள்ள அந்த மூவருக்கு இவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டாம், வயிற்றுப்போக்கு தொடங்கிய அன்றே பேசிவிடுங்கள். உங்கள் மாமியாருக்கு வாந்தியோ பேதியோ இருக்கும் நாளில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் வழக்கம்போல் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டே கொடுங்கள். ஊரிலிருந்து வந்திருப்பதால் அவருடைய பயணக் காப்பீட்டு அட்டையையும் மாத்திரைச் சீட்டையும் இப்போதே கைக்கு எட்டும் இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.