கட்டியக்காரனும் நீச்சல்குளமும்

அன்புள்ள ஐயா,

ஹாஸ்டலில் நாங்கள் நாலு பேர் ‘புராஜெக்ட் எக்ஸ்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் விமர்சனங்களைத் தேடினால் ஆபாசம், பெண்வெறுப்பு என்று கிழித்திருக்கிறார்கள். பையன்கள் ஜாலியாக இருந்தாலே இவர்களுக்குப் பொறுக்காதா? சிரித்த நாங்கள் ரசனை கெட்டவர்களா? இந்த வகையில் நல்ல படங்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சிரிப்பு வந்தால் சிரிக்க வேண்டியதுதான், அதற்கு என்னிடம் எதற்குச் சான்றிதழ்? படப் பட்டியலும் என்னிடம் கிடையாது.

2012இல் வந்த படம். பிறந்தநாள் பார்ட்டிக்கு ஊரே திரண்டு, அப்பாவின் கார் நீச்சல்குளத்துக்குள் போகும்போது நானும் சிரித்தேன். அதற்காக, திட்டியவர்களெல்லாம் பொறாமைக்காரர்கள் என்பது சோம்பேறித்தனம். 2003இல் ‘பாய்ஸ்’ படத்தை ஆனந்த விகடன் ‘சீ’ என்று ஒரே சொல்லில் முடித்ததே, அதுவும் சோம்பேறித்தனம்தான். முகம் சுளிப்பது விமர்சனமாகாது.

பச்சையான பேச்சு நமக்கென்ன புதுசா? பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. பாட்டி கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாள், அவள் மடியில் நான். ஒரு ராத்திரி கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கூட்டத்துக்குள் புகுந்து அவள் பக்கத்திலேயே குந்தினான்.

“ஏம்மா, நீ இங்க குந்திக்கினு இருக்கிறியே, வீட்ல உன் வீட்டுக்காரரு யாரோட தூங்குறாரு?”

பாட்டி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

“உங்க ஆத்தாளத்தான் சாயங்காலத்திலிருந்து காணோம். போய்ப் பாரு.”

கட்டியக்காரன் புழுதியில் மல்லாந்து விழுந்தான். முகவீணைக்காரர் ஊத முடியாமல் சிரித்தார். கிரீடமும் புஜக்கட்டையுமாக வந்து நின்ற துரியோதனன், சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நான் சொல்வது அந்தப் பதிலைப் பற்றி. உங்கள் படத்தில் கிர்பி, அலெக்சிஸ் என்று இரண்டு பேரைப் பெயர் சொல்லி நினைவுவைத்துக்கொள்ளலாம். மற்ற பெண்கள் குளத்தில் குதிக்கிறார்கள், கேமரா அவர்களை மேய்கிறது, அவ்வளவுதான். பையன்கள் பேசுகிற பேச்சுக்கு ஒருத்திக்காவது வாய் வேண்டாமா? பெண்வெறுப்பு என்று எழுதியவர்கள் கேட்டது இதைத்தான். நீங்கள் அதை ஜாலிக்கு எதிரான தீர்ப்பாகப் படித்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்திலும் பாருங்கள், பையன்கள் இருக்கிறார்கள், விமர்சகர்கள் இருக்கிறார்கள். பார்ட்டிக்கு வந்த ஒரு பெண்ணைக்கூடக் காணோம். படித்த பிள்ளைதானே நீங்கள்?

மறுநாள் வேஷம் கலைத்த அந்த ஆள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து களி தின்றார். “என்னடா, ஆத்தா கெடச்சாளா?” என்று கேட்டுக்கொண்டே பாட்டி இன்னொரு உருண்டையை அவர் தட்டில் வைத்தாள்.