ஒரு மாதமா, இருபத்தொன்பது வருடமா?

கேள்வி: அரட்டை செயலியால் ஒரே மாதத்தில் ஜோஹோ எங்கேயோ போய்விட்டதே! இதுபோல இன்னும் நாலு கம்பெனி நம் ஊரில் முளைக்க அரசு என்ன செய்ய வேண்டும்?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: ஒரே மாதம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனியின் அரட்டை, வாட்ஸ்அப் மாதிரி செய்தி அனுப்பும் செயலி, 2021-லேயே வந்துவிட்டது. நாலு வருடம் அதை அதிகம் பேர் சீண்டவில்லை. 2025 செப்டம்பரில்தான் அலை அடித்தது. நாளுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் அது நாளுக்கு 3.5 லட்சமாகிவிட்டது என்று ஜோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அப்போது சொன்னார். சந்தோஷம்தான். ஆனால் அது இலவசச் செயலி. ஜோஹோவுக்குச் சோறு போடுவது அது இல்லை.

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி இது. தொலைத்தொடர்புக் கருவிகள் செய்கிறவர்களுக்கு நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் விற்றது. இணையக் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்த 2001 டாட்காம் சரிவில் அந்த வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அன்றைக்கே கடையைச் சாத்தியிருக்கலாம். சாத்தாமல், கம்பெனிகளின் ஐ.டி. பிரிவுகளுக்கான மேனேஜ்எஞ்சின் என்ற மென்பொருள் பக்கம் திரும்பினார்கள். அதில் வந்த லாபத்தைப் போட்டுத்தான் 2005-ல் இணையத்திலேயே ஆவணம் எழுதும் ஜோஹோ ரைட்டர், வாடிக்கையாளர் விவரங்களைக் கவனிக்கும் ஜோஹோ சிஆர்எம் எல்லாம் வந்தன. கம்பெனியின் பெயர் ஜோஹோ என்று மாறியதே 2009-ல்தான்.

இப்படி இணையம் வழியே சந்தாவுக்குத் தரும் கிளவுட் மென்பொருள் வியாபாரம் வீடு கட்டி வாடகைக்கு விடுவது மாதிரி. கட்டுகிற செலவு முழுக்க முதலிலேயே உங்கள் தலையில். வருமானமோ மாதாமாதம், ஆளுக்கு இவ்வளவு என்று சிறுகச் சிறுகத்தான் வரும். ஆனால் ஒரு வியாபாரி தன் பில், ஸ்டாக், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றிவிட்டால் லேசில் காலி செய்ய மாட்டார். அதுவரை தாக்குப்பிடிக்கக் காசு வேண்டுமே என்றுதான் பலரும் முதலீட்டாளர்களைத் தேடிப் போகிறார்கள். ஜோஹோ போகவில்லை. 2022-23-ல் வருமானம் 8,700 கோடி ரூபாய், லாபம் 2,800 கோடிக்கு மேல். இதில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சந்தா. கட்டுகிறவர்கள் நம் ஊர்ப் பாசத்தில் கட்டவில்லை, வேலை நடக்கிறது என்று கட்டுகிறார்கள். நாமும் அந்தக் கண்ணோடு பார்ப்பதுதான் அந்தப் பொறியாளர்களுக்கு மரியாதை.

சரி, இன்னும் நாலு கம்பெனி? ஒன்று ஏற்கெனவே வந்துவிட்டது. ஜோஹோவில் வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்கே போனது. அவர் போனது முதலீட்டாளர் பணத்தோடு, வேறு வழியில். ஆனால் தொழில் படித்த இடம் ஜோஹோ. ஒரு கம்பெனி நிலைத்தால் அடுத்ததை நடத்தக்கூடிய ஆட்கள் அங்கேயே உருவாகிறார்கள்.

அரசைப் பற்றிக் கேட்டீர்கள். பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துச் சேர்த்து, மென்பொருள் எழுதப் பழக்கி, வேலையும் கொடுக்கிறது ஜோஹோவின் பள்ளி. 2005-லிருந்து நடக்கிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டு, வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருளை அங்கேயே உருவாக்கியும் காட்டினார்கள். எனக்கு லாபக் கணக்கைவிடப் பெரிதாகத் தெரிவது இதுதான். நம் அரசு பாலிடெக்னிக்குகளில் ஒரு பத்திலாவது, பாடம் நடத்துகிறவரோடு தினமும் நிரல் எழுதுகிறவர் ஒருவரையும் உட்காரவைக்கட்டும். கோவில்பட்டியிலும் ஒரு பாலிடெக்னிக் இருக்கிறதே, கேளுங்கள்.