பேக்பைப்போடு கரையேறிய பிரபு: வாசகர் கேள்வி-பதில்

கே: இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டியில் தரையிறங்கியபோது, குண்டு பாயும் கடற்கரையில் பேக்பைப் (ஸ்காட்லாந்தின் பை வைத்த ஊதுகருவி) வாசிக்கச் சொன்ன ஸ்காட்லாந்துப் பிரபு யார்? அது வெறும் வீம்புதானே? (வாசகர், திண்டுக்கல்)

ப: அவர் சைமன் ஃப்ரேசர், லோவாட் பிரபு. 1911ல் பிறந்தவர். 1933ல் அப்பா இறந்ததும் 21 வயதிலேயே பிரபு பட்டமும் லோவாட் ஃப்ரேசர் குலத்தின் தலைமையும் சேர்ந்து வந்துவிட்டன.

1944 ஜூன் 6 அன்று கமாண்டோ (அதிரடி வீரர்கள்) பிரிகேடுக்குத் தலைமை தாங்கி, நார்மண்டியில் ஸ்வோர்ட் என்று பெயரிடப்பட்ட கடற்கரையில் இறங்கினார். கூடவே அவருடைய பேக்பைப் வாசிப்பாளர், 21 வயது பில் மில்லின், முதல் உலகப் போரில் தன் அப்பா உடுத்திய அதே கில்ட்டை (ஸ்காட்லாந்து ஆண்களின் பாவாடை போன்ற உடை) கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் வாசித்தபடி கரையேறினார். போர்க்களத்தில் பேக்பைப் கூடாது என்று விதி இருக்கிறதே என்று மில்லின் தயங்கியபோது, அது லண்டனில் இருக்கும் ஆங்கிலேயர்கள் போட்ட விதி, நாம் ஸ்காட்லாந்துக்காரர்கள், நமக்குச் செல்லாது என்றாராம் லோவாட்.

வீம்பு என்று நான் சொல்லமாட்டேன். 1942 ஆகஸ்டில் பிரான்ஸின் டியப் துறைமுகத்தின் மீதான தாக்குதலில் நேச நாட்டுப் படை பெருந்தோல்வி கண்ட அதே நாளில், இவருடைய கமாண்டோக்கள் வாரஞ்ஜவீல் என்ற இடத்தில் ஜெர்மானியரின் ஆறு பீரங்கிகளையும் தகர்த்துவிட்டுத் திரும்பினார்கள், அதற்குக் காரணம் முன்கூட்டியே திரும்பத் திரும்ப எடுத்த ஒத்திகைதான். அப்படித் திட்டம் போடுகிறவர் நார்மண்டியில் விளையாட்டுக்காக இசை கேட்டிருக்கமாட்டார், பையன்களின் கால் பின்வாங்காமல் இருக்கத்தான் கேட்டார். ஆறே நாளில், ப்ரெவீல் கிராமத்துக்குப் பக்கத்தில், சொந்தப் பக்கத்துப் பீரங்கிக் குண்டு ஒன்று குறி தவறி விழுந்து படுகாயமடைந்தார். அதோடு போர்க்கள வாழ்க்கை முடிந்தது.

கே: இவரைச் சிலர் 15வது லோவாட் என்றும் சிலர் 17வது என்றும் எழுதுகிறார்களே, எது சரி? (வாசகி, தஞ்சாவூர்)

ப: இரண்டும் சரிதான். அரியணையை இழந்த ஸ்டூவர்ட் மன்னர் குடும்பத்துக்காக நடந்த கிளர்ச்சியை ஆதரித்ததற்காக, 11வது லோவாட்டின் தலையை 1747ல் லண்டன் டவர் ஹில்லில் வெட்டினார்கள். பிரிட்டனில் அப்படி மரண தண்டனை பெற்ற கடைசி ஆள் அவர். பட்டமும் பறிபோனது. அவருடைய இரண்டு மகன்களும் பட்டமில்லாமலே வாழ்ந்தார்கள், அவர்களையும் எண்ணினால் 17, விட்டுவிட்டால் 15. மூத்த மகனைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும்: பட்டமும் நிலமும் இல்லாத அவர் 1757ல் அழைத்தபோதும் குலத்து ஆட்கள் பிரிட்டிஷ் படையில் சேர வந்தார்கள். 1759ல் கனடாவின் க்யூபெக்கில் போரிட்ட ஃப்ரேசர் ஹைலாண்டர்ஸ் அந்தப் படைதான். 1774ல் நிலம் திரும்பி வந்தது.

கே: போருக்குப் பிறகு அரண்மனையில் சுகமாக வாழ்ந்தாரா? (வாசகர், நாமக்கல்)

ப: கால்நடை வளர்ப்பில் இறங்கினார். வாரிசு வரிக்குப் பயந்து சொத்தை முன்கூட்டியே மூத்த மகன் பெயருக்கு மாற்றினார், ஆனால் அங்கே கடன் ஏறியது. 1994 மார்ச்சில் சில நாள் இடைவெளியில் இரண்டு மகன்களை இழந்தார். ஒருவரைத் தான்சானியாவில் காட்டெருமை கொன்றது. சொத்துக்குரிய மூத்தவர் வேட்டையின்போது மாரடைப்பில் போனார். போரில் தப்பிய மனிதருக்கு 82 வயதில் அந்தத் துக்கம் வந்தது கொடுமை. அடுத்த ஆண்டே அவரும் இறந்தார். பட்டமும் குலத் தலைமையும் 1977ல் பிறந்த பேரனுக்குப் போயின. குடும்பத்தின் போஃபர்ட் அரண்மனை விற்கப்பட்டுவிட்டது.