வேலி தாண்டிய மிக்கானியாவும் பட்டா இல்லாத வாதியும்

கேள்வியின் சுருக்கம்: நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்தில் ஒன்றேகால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர் வெளியூரில் இருப்பதால் அந்த நிலம் ஐந்து ஆண்டுகளாகப் பராமரிப்பின்றிக் கிடக்கிறது. அங்கிருந்து வரும் பச்சைக்கொடி என் தேயிலையையும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகையும் மூடிவிட்டது. கேட்கப் போனபோது ஊரார் முன்னிலையில் அவமானப்படுத்தினார். வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்க முடியுமா? அதுவரை எல்லையில் மருந்தடித்துக் கொடியை அழிக்கலாமா?

பதில்: ஆறு பக்கக் கடிதத்தில் ஐந்து பக்கம் அவருடைய நடத்தையைப் பற்றியது. அதை நீதிமன்றம் பார்க்காது. நானும் ஒதுக்கி வைக்கிறேன். நான்காம் பக்கத்தில், போகிற போக்கில், "அப்பா 1986இல் ஒப்பந்தப் பத்திரத்தில் வாங்கினார், பட்டா இன்னும் ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வழக்கின் தலைவிதி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதலில் கொடியைப் பற்றி. நீங்கள் அனுப்பிய படங்களில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிரே இருக்கின்றன. இலை இதய வடிவில் நுனி கூர்ந்திருக்கிறது. பூக்கள் வெள்ளையாகப் பொடிப்பொடியாகக் கொத்தாக இருக்கின்றன. தாளிக்கொடி வகைகளில் இலைகள் மாறி மாறி வரும். ஆகவே இது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மிக்கானியா என்றே தோன்றுகிறது. ஆனாலும் என் கணிப்போ உங்கள் கணிப்போ சாட்சியம் ஆகாது என்பதால், தோட்டக்கலை அலுவலரிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தைப் பார்வையிட நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் வந்து அறிக்கையில் "களைகள் காணப்பட்டன" என்று மட்டும் எழுதிவிட்டுப் போன வழக்குகள் உண்டு.

இந்தக் கொடி இரண்டு வழிகளில் பரவுகிறது: காற்றில் பறக்கும் விதையால், மண்ணைத் தொடும் கணுக்கள் வேர்விடுவதால். சட்டத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது. தானாக முளைத்த முட்செடியின் விதை காற்றில் பறந்து பக்கத்து நிலத்தில் விழுந்ததற்கு நிலத்துக்காரர் பொறுப்பல்ல என்று 1890இல் ஓர் ஆங்கிலத் தீர்ப்பு உண்டு. எதிர்த்தரப்பு அதை நிச்சயம் எடுத்துக்காட்டும். ஆனால் ஜப்பானிய நாட்வீடு என்ற களைச்செடி எல்லை தாண்டிப் படர்ந்ததே சட்டப்படி வழக்குத் தொடரக்கூடிய தொல்லை என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டது. இரண்டுமே நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. வாதத்திற்கு உதவும், அவ்வளவே. எனவே தண்டு எல்லைக்கல்லைத் தாண்டி வருவதைத் தேதியோடு படமெடுத்து, பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில், ஒப்புகை கேட்டு, அவருக்கு அறிவிப்பு அனுப்புங்கள். தெரியாது என்று அவர் பிறகு சொல்ல முடியாமல் போக வேண்டும்.

மருந்தடிப்பதைக் கைவிடுங்கள். கடையில் உங்களுக்குச் சொல்லியிருக்கக்கூடிய கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. என்னிடம் வந்த ஒருவர் உங்களைப் போலவே நியாயம் தம் பக்கம் இருந்த நிலையில் காற்று வீசும் நேரத்தில் எல்லையில் அடித்தார். பக்கத்துக்காரரின் மிளகு கருகியது. அதன் பிறகு கொடியைப் பற்றி யாருமே பேசவில்லை. சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகப் புகார், நஷ்டஈட்டு வழக்கு என்று அவரே எதிர்வாதியாக நின்றார். இன்னொருவர் கொடி ஏறிய மரத்தையே வெட்டிவிட்டு, 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி பெறவில்லை என்ற நடவடிக்கையில் சிக்கினார்.

உங்கள் பக்கம் வந்த கொடியை உங்கள் நிலத்தில் நின்றபடி வெட்டலாம். வேலி தாண்டி ஓரடி வைத்தாலும் அத்துமீறல். வெட்டியதை அவர் பக்கம் வீசாதீர்கள், ஓடையிலும் போடாதீர்கள்: ஒவ்வொரு துண்டும் மீண்டும் வேர்விடும், அந்தக் குற்றச்சாட்டும் உங்கள் மேல் வரும். வேரோடு பிடுங்கிப் பாறை மேல் காயப்போடுங்கள்.

இப்போது பட்டா. சுவாதீனம், அதாவது நிலம் உங்கள் கையில், இருந்தால் அதை மட்டும் காட்டி உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு நிலத்தில் உரிமையே இல்லை என்று அவர் எதிருரையில் (வழக்குக்குத் தரும் எழுத்துப் பதிலில்) மறுத்து, அந்த மறுப்பு உரிமையின் மேல் மெய்யான ஐயத்தை எழுப்பிவிட்டால், உரிமை விளம்புகையும் (நிலம் உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பும்) கேட்டாக வேண்டும் என்று அனத்துலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் விளக்கியிருக்கிறது. விளம்புகை கேட்டால் மூலப்பத்திரம் வேண்டும். உங்களிடம் இருப்பது பதிவாகாத ஒப்பந்தம். உங்கள் நிலம் 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் (பழைய பரம்பரை நிலவுடைமை) எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின், குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய 17ஆம் பிரிவில் இன்னும் தீராமல் கிடக்கும் நிலமாக இருந்துவிட்டால், அரசே வழக்கில் ஒரு தரப்பாக வந்து நிற்கும். கொடிக்காகத் தொடங்கிய வழக்கு, தந்தை காலத்திலிருந்து நீங்கள் உழைத்த நிலத்தை நீங்களே நீதிமன்றத்தின் முன் வைத்துக் கேள்விக்கு உட்படுத்துவதில் முடியும். இப்படித் தொடங்கி இரவில் தூங்க முடியாமல் வந்து உட்கார்ந்த குடும்பங்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சமாதானமாகப் போங்கள். நஷ்டஈட்டை விட்டுவிடுங்கள். ஆண்டுதோறும் பூப்பதற்கு முன் ஒருமுறையும், மறுதுளிர் வந்த பின் ஒருமுறையும், எல்லையிலிருந்து இருபது அடி வரை அவர் நிலத்துக்குள் உங்கள் ஆட்கள் சென்று கொடியைப் பிடுங்க எழுத்துமூல அனுமதி கேளுங்கள். கூலியில் பாதி அவருடையது, மூன்று ஆண்டுகளுக்கு. அந்தத் தாளில் நில உரிமையைப் பற்றி இரு தரப்பும் ஒரு சொல்லும் எழுதக் கூடாது. பாதிக் கூலிக்கு அவர் இணங்காவிட்டால் முழுக் கூலியையும் நீங்களே ஏற்றுக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள். வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. கையெழுத்திடவும் மறுத்தால், அறிவிப்பு அவருக்குக் கிடைத்ததற்கான ஒப்புகையோடும் தந்தையின் பத்திர நகலோடும் மீண்டும் எழுதுங்கள். அதற்கு முன் எந்த மனுவிலும் கையொப்பமிட வேண்டாம்.