நிறுவனத்திடம் கொடுத்த நம் தகவல் கசிந்தால் சட்டப்படி என்ன செய்யலாம்?

தரவுக் கசிவு என்பது, நாம் நம்பிக் கொடுத்த கைப்பேசி எண், ஆதார், வங்கி விவரம் எல்லாம் ஒரு நிறுவனத்தின் கணினியிலிருந்து அனுமதியின்றி வெளியே போவது.

திருடியவர் வேறொருவர் என்றால் நிறுவனம் ஏன் பதில் சொல்ல வேண்டும்? கானாடுகாத்தானில் பெரிய வீட்டைப் பூட்டி, சாவிக்கொத்தைக் காவல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியூர் போகிறார்கள். அவர் கொத்தைத் திண்ணையில் போட்டுவிட்டுப் போனால், திருடன் யாரானாலும் அவருக்கும் பொறுப்பு உண்டு.

பணம் போயிருந்தால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லி, இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். கசிவைப் பற்றி நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். அதுவே முதல் சாட்சி. பிறகு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். காசு கொடுத்துப் பெற்ற சேவை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் இழப்பீடு கேட்கலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் காரைக்குடிக்காரர் தம் மாவட்டமான சிவகங்கையின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. இது தெரியாமல் பலர் ஒதுங்கிவிடுவது எனக்கு வருத்தம்.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு என்றதும் அதில் தமக்கும் பங்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தொகை அரசுக்கே போகும், இழப்பீட்டை நாம் தனியாகத்தான் கேட்க வேண்டும்.