முட்டைக்காக முதன்முதலில் கோழி வளர்ப்போருக்கு: எந்த இனம், ஏன்?

நெல்லைச் சீமையில் வீட்டுப் புறக்கடையில் கோழி வளர்க்க விரும்பும் பலர் கடந்த சில மாதங்களாக அனுப்பிய கேள்விகளில், முட்டைக்கான இனத்தைத் தேர்வு செய்வது பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் "ஆண்டுக்கு எத்தனை முட்டை?" என்று தொடங்குகிறார்கள். உங்கள் வீட்டில் கோழி எங்கே மேயும், பகலில் அதைப் பார்த்துக்கொள்ள யார் இருப்பார், குஞ்சு பொரித்துப் பெருக்க வேண்டுமா என்ற மூன்றுக்கும் முதலில் விடை தெரிந்தால்தான் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம் சுற்றுச்சுவருடன் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர். வீட்டுத் தேவைக்கு முட்டை கிடைத்தால் போதும். எந்த இனத்தை, எத்தனை வாங்குவது?

பதில்: உங்கள் நிலைக்கு கிராமப்பிரியாவையே முதலில் சொல்வேன். ஐதராபாத்திலுள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய முட்டையினம் இது. பல நிற இறகுகளுடன் பார்வைக்கு நாட்டுக்கோழி போலவே இருக்கும். முட்டையும் இளம்பழுப்பு நிறத்தில் இருக்கும். மேய்ச்சலும் கொஞ்சம் கைத்தீவனமும் கொடுத்து வீட்டில் வளர்த்தால், முட்டையிடத் தொடங்கிய ஓராண்டில் சுமார் 160 முதல் 180 முட்டை வரை எதிர்பார்க்கலாம். ஆறு பெட்டைகள் இருந்தால் சராசரியாக நாளொன்றுக்கு மூன்று முட்டை வரும். இது கிடைக்காவிட்டால், சென்னை நந்தனத்தில் நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி வகைகளையும் தயங்காமல் வாங்கலாம். ராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டியே விசாரித்தால் எந்தக் குஞ்சு எப்போது எங்கே கிடைக்கும் என்று வழிகாட்டுவார்கள்.

எண்ணிக்கையில் மட்டும் கவனமாக இருங்கள். இவ்வகைக் குஞ்சுகள் பெரும்பாலும் சேவல், பெட்டை பிரிக்காமலேயே விற்கப்படுகின்றன. பத்துக் குஞ்சு வாங்கினால் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். ஒன்றிரண்டு குஞ்சுப் பருவத்திலேயே இறக்கவும் கூடும். ஆறு பெட்டை வேண்டுமானால் பதினைந்து குஞ்சு வாங்குங்கள். முதல் வாரம் குஞ்சுகளுக்கு 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பல்புக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் சூடு போதவில்லை என்று பொருள். விளக்கை விட்டு ஓரங்களில் ஒதுங்கி வாய் பிளந்து நின்றால் சூடு மிகுதி என்று பொருள். பரவலாகத் தின்றுகொண்டும் தூங்கிக்கொண்டும் இருப்பதே சரியான நிலை. முதல் முட்டைக்கு ஏறக்குறைய ஐந்தரை மாதம் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் இன்னும் முட்டையிடத் தொடங்காத மூன்று மாத விடைக்கோழிகளாக, தடுப்பூசி போட்டவையாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடினாலும் முதன்முதலில் வளர்ப்பவருக்கு அதுவே பாதுகாப்பானது.

கேள்வி (சேரன்மகாதேவி): நாட்டுக்கோழியை விட்டால் வேறு எதையும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறார் என் மாமியார். வயல் பக்கம் வீடு. ஆனால் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முட்டைதான் இடும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: வயலோரத்து வீட்டுக்கு உங்கள் மாமியார் சொல்வது தவறே இல்லை, அம்மா. ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை என்பதும் உண்மைதான். ஆனால் அந்த எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று பாருங்கள். நாட்டுப் பெட்டை ஒரு முறை இடத் தொடங்கினால் 12 முதல் 15 முட்டை வரை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். 21 நாள் அடைகாக்கும். அதன் பிறகு இரண்டு மாதம் வரை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். இந்த நாள்களில் அது முட்டையிடாது. அடைகாக்கும் குணத்தை நீக்கித்தான் முட்டையினங்களில் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார்கள். ஆகவே கிராமப்பிரியா உங்களுக்கு முட்டை தரும், அடுத்த தலைமுறையைத் தராது. சிறுவிடை எனும் சிறிய உடல் நாட்டுக்கோழி இரண்டையும் தரும், முட்டையைக் குறைவாகத் தரும்.

நாட்டுக்கோழியிலும் சிறுவிடை, பெருவிடை என்ற வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. முட்டைக்கும் அடைக்கும் சிறுவிடையே ஏற்றது: உடல் சிறியது, தீனி குறைவு, பருந்தின் நிழல் தரையில் விழுந்த கணமே குரல் கொடுத்து ஒதுங்கும். பெருவிடை நெடிய கால்களும் கனத்த உடலும் கொண்ட சண்டைக்கோழி மரபு. இறைச்சிக்கும் சேவலுக்கும் மதிப்பு, முட்டை மிகக் குறைவு. சந்தையில் "நாட்டுக்கோழி" என்ற ஒரே பெயரில் இரண்டையும் விற்பார்கள்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இதுதான்: நான்கைந்து கிராமப்பிரியாப் பெட்டைகளோடு இரண்டு சிறுவிடைப் பெட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு முட்டை முந்தையவற்றிடமிருந்து வரட்டும். சிறுவிடை அடைக்கு உட்காரும்போது பத்து முட்டைகளை வைத்துப் பொரிக்க விட்டு, தாயையும் குஞ்சுகளையும் முதல் சில வாரம் பஞ்சாரத்துக்குள் காப்பாற்றுங்கள். பிசானப் பருவ நெல் அறுத்த வயலில் சிதறிக் கிடக்கும் நெல்லும் புழு பூச்சியும் அந்தக் குடும்பத்துக்குப் பாதித் தீனியாகிவிடும். அறுப்புக்கு முன் பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடிக்கும் நாள்களில் மட்டும் கோழிகளை வெளியே விடாதீர்கள்.

அடையைக் கலைக்க வேண்டிய நேரமும் வரும். சில வீடுகளில் பெட்டையைத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் வழக்கம். அவை வீண் கொடுமை. அடியில் காற்றோடும் கம்பிக்கூண்டை உயரத்தில் வைத்து, வைக்கோல் எதுவும் போடாமல், தீனியும் தண்ணீரும் கொடுத்து மூன்று நான்கு நாள் அதில் விட்டால் வயிற்றடிச் சூடு தணிந்து அடை தானாகக் கலையும்.

கேள்வி (ஆலங்குளம்): வனராஜா வாங்கச் சொல்கிறார் நண்பர். முட்டைக்கு நல்லதா?

பதில்: முட்டை, இறைச்சி இரண்டுக்குமான இனம் அது, முட்டை ஆண்டுக்கு நூற்றுப் பத்தை ஒட்டியே இருக்கும். உடல் கனமாக இருப்பதால் நாயிடமிருந்தும் கீரியிடமிருந்தும் ஓடித் தப்புவது கடினம். தீனியை வாரி இறைத்தால் கொழுப்பு வைத்து முட்டையும் குறைந்துவிடும். முட்டை மட்டுமே நோக்கம் என்றால் வேண்டாம்.

கேள்வி (களக்காடு): கருங்கோழி முட்டைக்கு நல்ல விலை என்கிறார்கள். முதல் தடவையே கடக்நாத் வளர்க்கலாமா?

பதில்: கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக்குரிய இனம், அப்பகுதியின் கடக்நாத் இறைச்சிக்கு 2018-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. இறைச்சி, எலும்பு வரை கருமை ஓடும். முட்டை மட்டும் கறுப்பன்று; வெளிர் பழுப்புதான். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பல ஏமாற்று விற்பனைகளிலிருந்து தப்பலாம். முட்டை ஆண்டுக்கு நூறைத் தாண்டுவது அரிது. அடைகாப்பதிலும் நம் சிறுவிடை அளவுக்கு நம்ப முடியாது. விலையை நம்பித் தொடங்கியவர்கள், வாங்க ஆளில்லாமல் நிற்பதை நம் பக்கத்திலேயே பார்க்கிறோம். முதலில் சாதாரணக் கோழியை ஓராண்டு வளர்த்துப் பழகுங்கள்.

கேள்வி (தச்சநல்லூர்): வண்டியில் வெள்ளைக் கோழிகளைக் கொண்டுவந்து மலிவாக விற்கிறார்கள். பண்ணையில் முட்டையிட்டவை என்கிறார்கள். ஐந்து வாங்கிப் போட்டால் உடனே முட்டை கிடைக்காதா?

பதில்: கிடைக்கலாம், சில வாரங்களுக்கு. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கூண்டில் வளர்வது வெள்ளை லெகான் வழி வந்த கோழி. ஓராண்டில் முந்நூறு முட்டை வரை இட்டு, ஏறக்குறைய ஒன்றரை வயதில் முட்டை குறையத் தொடங்கியதும் அவற்றைக் கழித்துவிடுவார்கள். வண்டியில் வருபவை அவைதாம். பிறந்தது முதல் கூண்டை விட்டு இறங்காதவை. கிளறி மேயப் பழகாதவை. அலகு நுனி வெட்டப்பட்டிருப்பதால் தரையிலிருந்து தானியம் பொறுக்கவே திணறும். வெள்ளை நிறம் வேறு பருந்துக்கு எளிதில் தென்படும்.

எந்த வளர்ந்த பெட்டையையும் வாங்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள். கோழியைக் கக்கத்தில் அணைத்து, வாலுக்குக் கீழே இருபுறமும் துருத்தும் இரண்டு மெல்லிய எலும்புகளைத் தொடுங்கள். முட்டையிடும் கோழிக்கு அவ்விரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும். இடாத கோழிக்கு ஒரு விரலே சிரமம். எச்சத் துவாரம் அகன்று ஈரமாக, வெளிறி இருக்க வேண்டும். சுருங்கி, வறண்டு, மஞ்சளாக இருந்தால் முட்டை நின்றுவிட்டது. மஞ்சள் கால் கொண்ட இனங்களில், தொடர்ந்து முட்டையிட இட, முதலில் துவாரத்திலும் பிறகு கண் விளிம்பிலும் அலகிலும் கடைசியாகக் காலிலும் மஞ்சள் வெளுக்கும். கொண்டையும் சிவந்து, தொட்டால் சூடாக, மெத்தென்று இருக்க வேண்டும். இந்தச் சோதனை தெரிந்தவரிடம் வியாபாரி பேசும் முறையே மாறிவிடும்.

கேள்வி (திருநெல்வேலி டவுன்): ஆனித் தேரோட்டத்தின்போது பிள்ளைகளுக்காகப் பச்சை, சிவப்புச் சாயம் பூசிய குஞ்சுகள் வாங்கினோம். நான்கு பிழைத்துக் கிடக்கின்றன. எப்போது முட்டையிடும்?

பதில்: வருத்தத்தோடுதான் சொல்கிறேன், அவை முட்டையிட வாய்ப்பு மிகக் குறைவு. முட்டைக்கோழிக் குஞ்சுப் பொரிப்பகங்களில் முதல் நாளே ஆண் குஞ்சுகளைப் பிரித்து ஒதுக்குவார்கள். சாயம் பூசி விற்கப்படுபவை பெரும்பாலும் அவை. பிழைத்தவற்றை நன்றாக வளர்த்து விடுங்கள். அடுத்த ஆண்டு வாங்க வேண்டாம். அந்தச் சாயமும் வெயிலும் அலைச்சலும் சேர்ந்து பெரும்பாலான குஞ்சுகளைக் கொன்றுவிடுகின்றன.

கேள்வி (திசையன்விளை): அண்ணாச்சி, எங்கள் பக்கம் தேரிமணல், வெயில் தாங்காது. சித்திரையில் முட்டை குறைகிறது, ஓடும் காகிதம் போல் மெலிகிறது. வெயில் தாங்கும் இனம் எது?

பதில்: கழுத்தில் இறகில்லாத நாட்டுக்கோழி வகை ஒன்று உண்டு; அதற்கு உடல் முழுவதுமே இறகு குறைவு என்பதால் சூடு எளிதில் வெளியேறும். கிடைத்தால் நிச்சயம் வாங்குங்கள். பொதுவாகச் சிறிய உடலும் பெரிய கொண்டையும் உள்ளவை கனத்த இனங்களைவிட வெயிலைத் தாங்கும்.

ஆனால் ஓடு மெலிவதற்கு இனத்தைக் குறை சொல்ல வேண்டாம். கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு மிகுதியாக வெளியேறிவிடுவதால் ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் குறைகிறது. சூட்டில் தீனியும் குறைவாகத் தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் குறைகிறது. விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் தீனி வையுங்கள். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. ஆகவே உடைத்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் மாலையில் வையுங்கள், வேண்டியதைக் கோழியே எடுத்துக்கொள்ளும். தவிடும் குருணையும் மட்டுமே போட்டால் எந்த இனமும் ஓடு கட்டாது. தண்ணீரை மண்சட்டியில், நிழலில், பகலில் இரு முறை மாற்றி வையுங்கள். கூரைக்குத் தகரம் வேண்டவே வேண்டாம். உங்கள் ஊரில் பனையோலைக்கா பஞ்சம்!

கேள்வி (தென்காசி): சாரல் காலத்தில் இருந்த பன்னிரண்டு கோழியும் வெள்ளைக்கழிச்சலில் போய்விட்டன. அந்த நோய் தாக்காத இனம் எது?

பதில்: அப்படி ஓர் இனம் இல்லை. "நாட்டுக்கோழிக்கு நோய் வராது" என்ற பேச்சை நம்பித்தான் நம் கிராமங்களில் ஆண்டுதோறும் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கேட் நோய் வைரஸால் வருவது; வந்த பின் மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே காக்கும். ஏழாம் நாளில் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மீண்டும் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. வழக்கமாகப் பிப்ரவரியில் கால்நடைத் துறை இதற்கென இலவச முகாம் நடத்துகிறது. அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டுவந்து, கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். சட்டைப்பையில் வைத்து வெயிலில் கொண்டுவந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். செத்த கோழிகளை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, கூட்டைச் சுத்தம் செய்து, ஓரிரு மாதம் வெறுமையாகப் போட்ட பிறகு புதுக் குஞ்சு விடுங்கள். சந்தையில் வாங்கும் எந்தக் கோழியையும் மூன்று வாரம் தனியே அடைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேருங்கள்.

கேள்வி (வள்ளியூர்): பெட்டைகள் நன்றாக இட்டுக்கொண்டிருந்தன, மார்கழியில் இறகு உதிர்ந்து முட்டை நின்றுவிட்டது. இனம் சரியில்லையா?

பதில்: இனத்தில் குறையில்லை. ஓராண்டு முட்டையிட்ட கோழி பழைய இறகை உதிர்த்துப் புதியதை முளைக்க வைக்க இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். பகல் வெளிச்சம் குறையும் மாதங்களில் முட்டையும் குறைவது இயல்பு. முட்டையினங்களுக்கு நாளுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் வேண்டும், நம் ஊரில் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. அந்தியில் கூட்டுக்குள் ஒரு சிறு விளக்கு இரண்டு மணி நேரம் எரிந்தால் இறகு முளைத்தபின் முட்டை விரைவில் திரும்பும். இறகு முளைக்கும் காலத்தில் புரதம் தேவை. கடலைப் பிண்ணாக்கோ கருவாட்டுத் தூளோ சிறிது சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி (முக்கூடல்): சேவல் இல்லாமல் பெட்டை முட்டையிடுமா, ஐயா?

பதில்: இடும். எண்ணிக்கையும் குறையாது; அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். அக்கம்பக்கம் நெருக்கமான தெருவாக இருந்தால் சேவல் இல்லாமலே தொடங்குங்கள். அடை வைக்க விரும்பினால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அதையும் உங்கள் பெட்டைகளோடு பிறந்ததாக இல்லாமல் வேறு வீட்டிலிருந்து வாங்குங்கள்.